பிரேக்பாயிண்டில் நிற்பது எது?

எங்களிடம் வேலை கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். "மோட்டார் ஓடிக்கிட்டிருக்கு. நீ டிபக்கரில் பிரேக்பாயிண்ட் வெச்சிருக்கே. புரோகிராம் அங்கே வந்து நின்னாச்சு. போர்டுல வேற என்னென்ன நிக்கும்?" பெரும்பாலும் "எல்லாமே நின்னுருங்க சார்" என்றுதான் பதில் வரும். எப்போதாவது ஒரு பிள்ளை கொஞ்சம் தயங்கி, "மோட்டார் எப்படிங்க சார் நிக்கும்?" என்று திருப்பிக் கேட்கும். மதிப்பெண் பட்டியலைப் பார்க்காமலே அந்தப் பிள்ளையை எடுத்துக்கொள்ளலாம்.

கோயம்புத்தூரில் பம்ப் மோட்டார்களுக்கான ஸ்டார்ட்டர், டிரைவ் போர்டுகளுக்குள் ஓடும் மென்பொருளை எழுதுவது என் பிழைப்பு. மைக்ரோகன்ட்ரோலரைத் தவிர வேறு எதிலும் நான் பெரிதாகக் கோடு எழுதியதில்லை. ஆகவே இங்கே சொல்வது பெரும்பாலும் அந்தச் சின்னச் சிப்புகளைப் பற்றித்தான்.

"எல்லாமே நின்றுவிடும்" என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறது என்பதை யூகிப்பது கடினமில்லை. நம் ஊர்க் கல்லூரிகளில் 8051-ஐக் கற்றவர்கள் பலரும் கெய்ல் சிமுலேட்டரில்தான் முதலில் கை நனைத்தார்கள். திரையில் டைமர்-0 ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக நகர்த்துவோம். வரி நகர்ந்தால் டைமரும் நகரும், வரி நின்றால் டைமரும் நிற்கும். அங்கே நேரம் என்பதே சிமுலேட்டர் கணக்குப் போட்டுத் தருகிற ஓர் எண். சில்லு கையில் வந்த பிறகும் திரை அதே மாதிரிதான் இருக்கிறது. அதே மஞ்சள் அம்பு, அதே ஜன்னல்கள். அடியில் இருப்பது முழுக்க மாறிவிட்டது என்று அந்தத் திரை சொல்வதில்லை.

எங்கள் பெஞ்சில் அதிகம் புழங்கியது எஸ்டிஎம்32எஃப்103. 72 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கார்டெக்ஸ்-எம்3. பிரேக்பாயிண்டில் நிற்பது அதன் கோர் மட்டும்தான். கோருக்குள்ளேயே இருக்கும் சிஸ்டிக் என்ற டைமர் கோரோடு சேர்ந்து நிற்கும், ஏஆர்எம் அதை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறது. கிளாக் துடிப்புகளை எண்ணும் சைக்கிள் கவுண்டரும் அதோடு நின்றுவிடும். ஆனால் டிம்1, டிம்2 போன்ற டைமர்கள் கோருக்கு வெளியே இருப்பவை. நாமாகச் சொல்லாவிட்டால் அவை எண்ணிக்கொண்டேதான் இருக்கும். ஏடிசி மாற்றிக்கொண்டிருக்கும், டிஎம்ஏ நினைவகத்தில் எழுதிக்கொண்டிருக்கும், யுஆர்ட் வந்த பைட்டை வாங்கிக்கொண்டிருக்கும். வாட்ச்டாக் தனக்கென்று ஓர் ஆஸிலேட்டர் வைத்துக்கொண்டு தனிக் கணக்கு ஓட்டும். ஆர்டிஓஎஸ்ஸின் டிக் சிஸ்டிக்கை நம்பி இருப்பதால், ஒரு டாஸ்க்கைப் பொறுத்தவரை நாம் டீ குடித்துவிட்டு வந்த பத்து நிமிடம் நடக்கவே இல்லை. டிம்2-வைப் பொறுத்தவரை பத்து நிமிடமும் கழிந்துவிட்டது. இரண்டையும் கலந்து கணக்குப் போடும் கோடு 'ரன்' அழுத்தியதும் ஏதோ ஒரு விடையைத் தரும்.

அந்த விடை பார்த்தவுடன் தப்பென்று தெரிந்தால் பிரச்சினையே இல்லை. தெரியாது என்பதுதான் சங்கடம்.

ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் கான்டாக்டர், ஆன் கட்டளை கொடுத்ததிலிருந்து உண்மையில் மூடுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எங்கள் போர்டு அளக்கும். கட்டளை கொடுத்ததும் டைமரைப் படித்து வைத்துக்கொள்ளும், ஆக்சிலரி கான்டாக்ட் மூடியதும் மறுபடி படித்துக் கழிக்கும். டைமர் 16 பிட், ஒரு மைக்ரோசெகண்டுக்கு ஓர் எண்ணம். பெஞ்சில் இருந்த தம்பி ஒருநாள் வந்து நின்றான்.

"ஏனுங்கண்ணா, இந்தக் கான்டாக்டர் சரியில்லைங்க. ஒருக்கா 38 மில்லிசெகண்ட் காட்டுது, அடுத்த தடவை 11, அப்புறம் 52. காயில் போயிருச்சாட்ட இருக்குதுங்க. மாத்தியும் பார்த்துட்டேன், புதுசும் அப்படியேதானுங்க."

"பிரேக்பாயிண்ட் எங்கே வெச்சிருக்கே?"

"கட்டளை குடுத்த அடுத்த வரியிலங்க. ஃபிளாக் செட் ஆகுதான்னு பார்க்கறதுக்குங்க."

கான்டாக்டர் எப்போதோ மூடிவிட்டது. கோர் நின்றிருந்ததால் அதைப் பார்க்க ஆளில்லை. தம்பி ஃபிளாக்கைப் பார்த்து, ஏதோ குறித்துக்கொண்டு, 'ரன்' அழுத்துவதற்குச் சுமார் பத்து விநாடி ஆகியிருக்கும். 16 பிட் டைமர் 65.536 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். சரியாகப் பத்து விநாடி என்று வைத்துக்கொண்டால் அது 152 முறை சுற்றி முடித்து, மீதி 38,528-இல் நிற்கும். அதாவது 38.5 மில்லிசெகண்ட். ஒரு நொடி முன்னே பின்னே அழுத்தினால் வேறு எண். திரையில் "10 விநாடி" என்று வந்திருந்தால் அவனே சிரித்திருப்பான். 38 மில்லிசெகண்ட் என்பது சோர்ந்துபோன கான்டாக்டர் ஒன்று உண்மையிலேயே எடுக்கக்கூடிய நேரம். அதனால்தான் நம்பினான், நல்ல கான்டாக்டரைக் கழற்றினான்.

இப்போது அந்த அளவை இன்புட் கேப்ச்சரில் எடுக்கிறோம். பின்னில் மின்னழுத்தம் மாறிய கணமே டைமரின் எண்ணை வன்பொருளே ஒரு ரிஜிஸ்டரில் எழுதி வைத்துவிடும். கோர் நின்றிருந்தாலும் எழுதும். கான்டாக்ட் துள்ளினால் கடைசித் துள்ளல்தான் மிஞ்சும் என்பது வேறு தொல்லை.

டைமர் இன்டரப்ட்டை எண்ணி நேரம் பார்க்கும் கோடுகளுக்கு இதற்கு நேரெதிரான நோய். டைமர் ஒவ்வொரு முறை நிரம்பும்போதும் ஒரு ஃபிளாக் ஏறும், ஆனால் அது ஒரே ஒரு பிட். கோர் நின்றிருந்த நேரத்தில் ஐயாயிரம் முறை நிரம்பியிருந்தாலும் திரும்பி வந்ததும் கிடைப்பது ஒரே ஓர் இன்டரப்ட். மீதி 4,999-ம் எந்தக் கணக்கிலும் இல்லை. லினக்ஸ் போர்டில் வேலை செய்யும் நண்பர்களுக்கு இது தலைகீழ். அங்கே ஜிடிபி புரோகிராமை நிறுத்தினாலும் கெர்னலின் கடிகாரம் ஓடும். டைமர்எஃப்டியைப் படித்தால் இடையில் தவறிய எண்ணிக்கை அத்தனையும் மொத்தமாகக் கைக்கு வரும். அத்தனை முறையும் வேலையைச் செய்து ஈடுகட்டுமாறு எழுதியிருந்தால், 'கண்டினியூ' அழுத்தியதும் புரோகிராம் வெறிபிடித்த மாதிரி ஓடும். அதைப் பார்த்துவிட்டு இல்லாத பக்கைத் தேடுவார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் தப்பான எண்கள். மோட்டார் டிரைவுக்கு வந்தால் தீப்பொறி.

415 வோல்ட் மும்முனை மின்சாரத்தை நேர்மின்னாக்கினால் டிரைவுக்குள் ஏறக்குறைய 587 வோல்ட் டிசி கிடைக்கும். ஆறு ஐஜிபிடிகள் அதை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்பும். வெட்டும் வேலையை டிம்1 செய்கிறது. எந்தக் கணத்தில் எவ்வளவு வெட்டுவது என்பதைக் கோர் ஒவ்வொரு 100 மைக்ரோசெகண்டுக்கும் கணக்குப் போட்டு டிம்1-க்குச் சொல்கிறது. மின்னழுத்தத்தின் திசை சுற்றிக்கொண்டே இருப்பதால்தான் மோட்டார் சுற்றுகிறது. இந்த நேரத்தில் பிரேக்பாயிண்டில் கோர் நின்றால் டிம்1 நிற்காது. கடைசியாகச் சொன்ன அளவிலேயே வெட்டிக்கொண்டிருக்கும். சுற்ற வேண்டிய மின்னழுத்தம் ஒரே திசையில் உறைந்துபோகும். மோட்டாரின் கண்ணோட்டத்தில் இப்போது வருவது சுத்தமான டிசி. 5 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் இழுப்பது சுமார் 7.5 ஆம்பியர். அதன் வைண்டிங்கின் மின்தடையோ சில ஓம்தான். முழு வேகத்தில் ஓடும்போது உறைந்தால் சில மில்லிசெகண்டில் கரன்ட் நூறு ஆம்பியரை நோக்கிப் பாயும்.

சரி, டிம்1-ஐயும் சேர்த்து நிறுத்திவிடலாமே? அதற்கும் வசதி இருக்கிறது. சிப்பின் டிபக் பகுதியில் ஒரு ரிஜிஸ்டர் உண்டு. ஒவ்வொரு டைமருக்கும் வாட்ச்டாக்குக்கும் தனித்தனி பிட். ஏற்றி வைத்தால் கோர் நிற்கும்போது அதுவும் நிற்கும். ஆனால் டிம்1-ஐ அப்படி நிறுத்தினால், எஃப்103-இல் அந்தக் கணத்தில் எந்த ஐஜிபிடி ஆன் ஆகியிருந்ததோ அது ஆன் ஆனபடியே இருக்கும். வெட்டு இல்லை, முழு 587 வோல்ட்டும் வைண்டிங்கின் மேல். முன்னதைவிட மோசம். பிரேக்பாயிண்டில் வாட்ச்டாக்கை நிறுத்த வேண்டும், மோட்டாரை ஓட்டும் பிடபிள்யூஎம் டைமர் பொதுவாக ஓடத்தான் வேண்டும் என்று சிப்பின் கையேடே சொல்கிறது. பின்னால் வந்த சில ரகங்களில் டைமர் நின்றதும் வெளியீடுகளையும் சேர்த்து அணைத்துவிடும் ஏற்பாடு வந்தது. எந்த ரகத்தில் அது இருக்கிறது, எதில் இல்லை என்று கையேட்டைப் பிரித்துப் பார்க்காமல் யாரும் எங்கள் லேபில் பவர் போடக்கூடாது.

ஐஜிபிடியைக் காப்பாற்றுவது டிம்1-இன் பிரேக் பின். கரன்ட் எல்லை மீறியதும் ஒரு கம்பரேட்டர் அந்தப் பின்னைத் தட்டும், டிம்1 ஆறு வெளியீடுகளையும் உடனே அணைக்கும். நடுவில் ஒரு வரி கோடுகூடக் கிடையாது. கோர் நின்றிருந்தாலென்ன, செத்திருந்தாலென்ன. பாதுகாப்பை மென்பொருளில் வைத்து, "ஏடிசியில் படிக்கிறோம், மீறினால் அணைக்கிறோம், போதும்" என்று சொல்லும் வடிவமைப்பை நான் ஏற்பதில்லை. கம்பரேட்டரின் விலையைக் காட்டி வாதிடுகிறவர்களிடம் ஓர் ஐஜிபிடி மாட்யூலின் விலையைக் கேட்பேன். இன்னொன்று. இந்த டிரைவ்களில் பலவற்றில் மைக்ரோகன்ட்ரோலரின் கிரவுண்டும் டிசி பஸ்ஸின் நெகட்டிவும் ஒன்றே. இடையில் ஐசொலேட்டர் இல்லாமல் லேப்டாப்பை மாட்டினால் டைமரைப் பற்றிக் கவலைப்பட லேப்டாப் மிஞ்சாது.

வாட்ச்டாக் விஷயத்தில் பலரும் ஒரு குறுக்குவழி எடுப்பார்கள். பிரேக்பாயிண்டில் நின்ற சில நொடியில் அது சிப்பை ரீசெட் செய்துவிடுகிறது, தொல்லை தாங்க முடியாமல் டிபக் பில்டில் வாட்ச்டாக்கையே அணைத்துவிடுவது. வேறொரு கம்பெனியின் போர்டு ஒருமுறை எங்களிடம் வந்தது. தோட்டத்தில் சில போர்டுகள் காரணமில்லாமல் ரீசெட் ஆகின்றன, சில ஆவதில்லை. பெஞ்சில் டிபக்கர் மாட்டினால் ஒன்றுமே ஆவதில்லை. பார்த்தால், கோளாறு நடந்ததும் அந்தப் போர்டு ஃபிளாஷில் மூன்று பக்கங்களை அடுத்தடுத்து அழித்துப் பதிவு எழுதுகிறது. எஃப்103-இல் ஒரு பக்கம் அழிக்க 20 முதல் 40 மில்லிசெகண்ட் ஆகும், அதுவரை அதே ஃபிளாஷிலிருந்து ஓடும் கோடு காத்துக் கிடக்கும். வாட்ச்டாக்கின் கெடு 100 மில்லிசெகண்ட் என்று வைத்திருந்தார்கள். ஆனால் வாட்ச்டாக்கின் ஆஸிலேட்டர் காகிதத்தில் 40 கிலோஹெர்ட்ஸ், நிஜத்தில் 30-லிருந்து 60 வரை எங்கேயும் இருக்கலாம். 60-ஆக அமைந்துவிட்ட சிப்பில் அந்த 100 மில்லிசெகண்ட் 67-ஆகச் சுருங்கிவிடும். 30-ஆக அமைந்ததில் 133. எந்தப் போர்டு விழும் என்பது எந்தச் சிப் வந்து உட்கார்ந்தது என்பதைப் பொறுத்தது. பெஞ்சில் ஓடியது டிபக் பில்டு, அதில் வாட்ச்டாக்கே இல்லை. பிறகெப்படித் தெரியும்?

எங்களிடம் இரண்டு பில்டு கிடையாது. வாட்ச்டாக் எப்போதும் ஓடும், முன்பு சொன்ன டிபக் ரிஜிஸ்டரில் அதை நிறுத்தும் பிட் மட்டும் ஏறியிருக்கும். கோர் நின்றால் அதுவும் நிற்கும், கோர் ஓடினால் அதுவும் ஓடும். இந்த ரிஜிஸ்டரில் ஒரு குணம் உண்டு, ரீசெட் பட்டனுக்கு மசியாது. பவரை முழுதாக எடுத்துப் போட்டால்தான் அழியும். பேட்டரியில் ஓடும் நீர்மட்ட சென்சார் செய்கிறவர்கள் இதில் அடிக்கடி விழுவார்கள். ஆழ்ந்த தூக்கத்திலும் கிளாக்கை ஓடவிடும் பிட்டுகள் இதே ரிஜிஸ்டரில்தான் இருக்கின்றன. டிபக்கரைக் கழற்றி, ரீசெட்டும் தட்டிவிட்டு அளப்பார்கள். மைக்ரோ ஆம்பியரில் இருக்க வேண்டிய கரன்ட் மில்லி ஆம்பியரில் இருக்கும்.

ஒவ்வொரு வரியாக நகர்த்தும் சிங்கிள் ஸ்டெப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓடுகிற டைமர் ஒன்று இருந்தால், ஒரு வரி நகர்த்துவதற்குள் அது பலமுறை நிரம்பிவிடும். ஆகவே ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் அம்பு இன்டரப்ட் ரொட்டீனுக்குள் போய் விழும். அதைத் தவிர்க்கப் பல டிபக்கர்கள் ஸ்டெப் எடுக்கும்போது இன்டரப்ட்டை மூடிவைக்கின்றன. இன்டரப்ட் இல்லாத புரோகிராம் எங்கள் தொழிலில் வேறு புரோகிராம்.

நிறுத்தவே இல்லை, சும்மா பார்த்தேன் என்றாலும் தப்பிக்க முடியாது. மாட்பஸ் ஓடும் போர்டு ஒன்றில் அவ்வப்போது ஒரு பைட் காணாமல் போகும், கட்டளை பாதியில் முறியும், மாஸ்டர் டைம்-அவுட் ஆகி மறுபடி கேட்கும். கேபிளை மாற்றினார்கள், டெர்மினேஷன் ரெசிஸ்டரை மாற்றினார்கள். கடைசியில் பார்த்தால், டிபக்கரில் யுஆர்ட்டின் ரிஜிஸ்டர் ஜன்னல் திறந்திருந்தது. அந்த யுஆர்ட்டில் டேட்டா ரிஜிஸ்டரைப் படித்தாலே "பைட் வந்திருக்கிறது" என்ற ஃபிளாக் இறங்கிவிடும். யார் படித்தார்கள் என்று வன்பொருள் கேட்பதில்லை. ஜன்னல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் வந்த பைட்டை அது படித்துத் தின்றுகொண்டிருந்தது.

பிறகு எதை வைத்துத்தான் பார்ப்பது? பிரிண்ட்எஃப் என்பார்கள். 115200 பாடில் ஓர் எழுத்து போக 87 மைக்ரோசெகண்ட் ஆகும். கோர் டிம்1-க்காகப் போடும் அந்தக் கணக்கு, அதாவது எங்கள் கரன்ட் லூப், ஒரு சுற்றுக்கு எடுப்பதே 100. ஓர் எழுத்து அச்சிட்டால் சுற்றே தீர்ந்தது.

நான் இன்றும் முதலில் கை வைப்பது ஒரு காலிப் பின்னில்தான். ரொட்டீனுக்குள் நுழையும்போது பின்னை ஏற்று, வெளியேறும்போது இறக்கு, ஸ்கோப்பில் பார். 100 நானோசெகண்டுக்குள் முடிகிற வேலை. இன்டரப்ட் எவ்வளவு தாமதமாக வருகிறது, எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறது, எப்போது ஒன்று மற்றொன்றை மறிக்கிறது எல்லாமே திரையில் கோடாக விழும். புது போர்டு வரையும்போது நான்கு பின்களை இதற்கென்றே வெளியே எடுத்து வைக்கச் சொல்வேன். லேஅவுட் போடுகிறவர் ஒவ்வொரு முறையும் முணுமுணுப்பார்.

பின்னுக்கு அடுத்து டிரேஸ். நடந்ததை நேர முத்திரையோடு நினைவகத்தில் ஒரு வட்டப் பதிவேட்டில் எழுதிக்கொண்டே போவது. கார்டெக்ஸ்-எம் சிப்புகளில் கோர் ஓடும்போதே டிபக்கர் நினைவகத்தைப் படிக்கலாம் என்பதால், செக்கரின் ஆர்டிடி போன்றவை இதைச் சுலபமாக்கிவிட்டன. கார்டெக்ஸ்-எம்3 முதல், கோரை அடியோடு நிறுத்தாமல் ஓர் எக்ஸெப்ஷனுக்குள் நிறுத்தும் மானிட்டர் முறையும் உண்டு. அதைவிட முன்னுரிமை கூடிய இன்டரப்ட்டுகள், அதாவது நம் கரன்ட் லூப், தொடர்ந்து ஓடும். அமைப்பது கொஞ்சம் மெனக்கெட வேண்டிய வேலை. டிரைவ் வேலைக்கு அந்த மெனக்கெடல் தகும்.

டிரேஸைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் பாத்ஃபைண்டர் கதையைச் சொல்வேன். 1997 ஜூலை 4-ஆம் தேதி செவ்வாயில் இறங்கிய நாசாவின் கலம் அது. இறங்கிய பிறகு அதன் கணினி தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. பிரேக்பாயிண்ட் வைக்க அங்கே யாராலும் போக முடியாது. போயிருந்தாலும் பயனில்லை, அது முழுக்க நேரப் பிரச்சினை. வானிலைத் தகவல் எடுக்கும் தாழ்ந்த முன்னுரிமை டாஸ்க் ஒரு மியூடெக்ஸைப் பிடித்திருக்கும். உயர்ந்த முன்னுரிமை பஸ் டாஸ்க் அதற்காகக் காத்திருக்கும். நடுத்தர டாஸ்க்குகள் இடையில் புகுந்து ஓடும். விநாடிக்கு எட்டு முறை வரும் பஸ் சுழற்சியில் வேலை முடியவில்லை என்று கண்ட இன்னொரு டாஸ்க் மொத்தத்தையும் ரீசெட் செய்துவிடும். ஜேபிஎல் பொறியாளர்கள் பூமியில் இருந்த நகல் கணினியில் டிரேஸை ஓடவிட்டு, அது மறுபடி நிகழும்வரை காத்திருந்து, பதிவிலிருந்து இதைப் படித்தெடுத்தார்கள். மியூடெக்ஸின் முன்னுரிமை மரபுரிமை என்ற அமைப்பு அணைந்திருந்தது. அதை ஏற்றும் மாற்றத்தை மேலே அனுப்பினார்கள், ரீசெட் நின்றது. அவர்களால் அது முடிந்ததற்கு ஒரு காரணம், பறந்த மென்பொருளிலும் டிபக் வசதிகளைக் கழற்றாமல் விட்டிருந்தது.

எங்கள் போர்டுகளிலும் டிரேஸ் கழற்றப்படுவதில்லை. எட்டு பைட்டில் ஒரு பதிவு, 512 பதிவுகள், மொத்தம் 4 கிலோபைட். தோட்டத்தில் டிரிப் ஆனால் சர்வீஸுக்குப் போகும் ஆள் போனில் அதை இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். டிரிப்புக்கு முந்தைய சில மில்லிசெகண்டுகள் அதில் அப்படியே இருக்கும். அந்தக் கான்டாக்டர் தம்பி இப்போது எங்கள் டீம் லீடர். 20 கிலோபைட் ரேமில் 4 போய்விடுகிறதே, பாதியாகவாவது குறைக்கலாம் அண்ணா என்று ஒவ்வொரு ரிலீஸுக்கும் வந்து நிற்பான். போன தடவை 256 போதும் என்பதற்கு ஒரு கணக்கே போட்டுக்கொண்டு வந்திருந்தான். கணக்கு சரிதான். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.